வழுக்கினது கணக்கில் வராது

கிழியைச் சூடான எண்ணெயிலிருந்து எடுத்ததும் முதலில் தன் புறங்கையில் வைத்துப் பார்ப்பார். மூலிகை கட்டிய அந்தத் துணிமூட்டை சுட்டுவிட்டால், "ஸ்ஸ்... அம்மா!" என்று அவரே அலறிக்கொள்வார். "உங்க கைக்குத்தான் கத்தத் தெரியலையே சார். அதுக்கும் சேத்து நான் கத்துறேன்."

வைத்தியசாலையில் எல்லோருக்கும் அவர் கிழிக்காரர். ஐம்பது வயது. முழங்கை வரை எண்ணெய் மினுங்கும். சட்டைப்பையில் எப்போதும் ஒரு சீப்பு. தலையில்தான் முடி இல்லை. சீப்பு, வாதத்தில் கை விழுந்த எங்களுக்கு. விழுந்த கையாலேயே தலை சீவ வேண்டும். எதை நீட்டினாலும் அந்தக் கைப்பக்கமாகவே நீட்டுவார். நல்ல கை குறுக்கே வந்தால் அதற்கு ஒரு தட்டு.

என் வலதுபக்கம் விழுந்து நான்கு மாதமாகிறது. தொடர்கதை எழுதிய கை. என் கதைகளில் பக்கவாதம் மூன்று வாரத்துக்கு மேல் தாங்காது. காதலனின் கண்ணீர் ஒரு சொட்டு பட்டால் போதும், கதாநாயகி எழுந்து ஓடுவாள். இதுவரை ஐந்து பேரை ஓடவிட்டிருக்கிறேன்.

"நீங்கதானா அது?" என்று முதல் நாளே பிடித்துக்கொண்டார். "வர்றவங்க எல்லாம் எப்ப ஓடலாம்னு கேக்குறாங்க. இங்க ஒரு விரல் அசையவே மாசக்கணக்காகுது. சில பேருக்கு அதுவும் இல்ல."

நேற்று தன் ஆள்காட்டி விரலை என் உள்ளங்கையில் வைத்து, "பிடிங்க" என்றார். என் கட்டைவிரல் நகர்ந்தது. ஓவென்று அழுதுவிட்டேன். இடதுகையால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டதாகவும் நினைவு. கதவருகே நின்ற என் மனைவி, "பின்னணி இசை ஒண்ணுதான் குறை" என்றாள்.

"எண்ணெயில வழுக்கினது சார். கணக்குல வராது" என்றார் அவர். என் விரல்களை ஒவ்வொன்றாகத் துண்டால் துடைத்தார். தன் விரலையும் துடைத்து மறுபடி வைத்தார். "தோளைத் தூக்காதீங்க. பல்லைக் கடிக்காதீங்க. வசனமும் வேணாம். பிடிங்க."

எவ்வளவு நேரமோ தெரியாது. நான்கு விரல்களும் மெல்ல மடங்கி அவர் விரலைச் சுற்றிக்கொண்டன. அழுகையை முன்பே செலவழித்துவிட்டேன், சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவருடைய கைபேசி அடித்தது. இடதுகையால் எடுத்தார்.

"சாப்பிட வர லேட்டாகும்மா. கை ஒரு இடத்துல மாட்டிக்கிச்சு" என்றவர், விரலை உருவிக்கொள்ளவில்லை.