அந்தக் கண்ணுக்குப் பயமில்லை

அண்ணனை நினைத்தால் முதலில் அவருடைய கண்ணாடிக் கண்தான் ஞாபகத்துக்கு வருகிறது. படுக்கப் போகும்போது அதைக் கழற்றிப் பித்தளைத் தம்ளர் தண்ணீரில் போட்டு வைப்பார்.

சித்தூர் ஸ்டேஷனில் ஜட்கா ஓட்டியவர் அவர். இடது கண்ணில் திரை விழுந்தது போல இருக்கிறதென்று மிஷன் ஆஸ்பத்திரிக்குப் போனார். உள்ளே கறுப்பாகக் கட்டி இருக்கிறது, புற்று, கண்ணையே எடுத்தாக வேண்டும் என்றார் டாக்டரம்மா. எடுத்தார்கள். பார்க்க வந்த வண்டிக்காரர்களிடம், "குதிரைக்குக் கட்டற கண்பட்டைய சாமி எனக்கும் கட்டிட்டாருடா" என்று அவரே சிரித்தார். ஆனால் மற்றக் கண்ணும் போனால் குடும்பம் என்னாகும் என்ற பயம் அவரை விடவில்லை. அந்தக் கண் நிலைக்க வேண்டுமென்று திருப்பதிக்கு வேண்டிக்கொண்டார்.

அடுத்த வருஷம் வெள்ளியில் கண்மலர் செய்து எடுத்துக்கொண்டு மலையை நடந்தே ஏறினோம்.

"ஒண்ணு நெசமாவே குடுத்தாச்சு, இது வேறயா?" என்றார் அண்ணி.

"அது டாக்டரம்மாவுக்கு, இது சாமிக்கு. பேசாம வாடி."

பாதி வழியில் வலது விலாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மலையேறின வலி என்று நினைத்தோம்.

மலையிறங்கியும் வலி இறங்கவில்லை. சோறு பிடிக்கவில்லை. வயிறு வீங்கியது, உடம்பு மஞ்சளாயிற்று. காமாலைக்கு ஆஸ்பத்திரிக்குப் போகிற வழக்கம் எங்களுக்கு இல்லை. கங்காதர நெல்லூரில் ஒருவர் பச்சிலை அரைத்துக் கொடுத்தார். உப்பில்லாமல் சாப்பிடச் சொன்னார். கண்ணை எடுத்ததை அவரிடம் யாரும் சொல்லவில்லை. இல்லாத கண்ணுக்கும் வயிற்றுக்கும் என்ன சம்பந்தம் என்றுதான் இருந்தோம்.

கடைசியில் டாக்டரம்மாவிடமே தூக்கிக்கொண்டு போனோம். அவர் விலாவுக்குக் கீழே அழுத்திப் பார்த்தார். பிறகு அண்ணியையும் என்னையும் வெளியே அழைத்தார். கண்ணை எடுப்பதற்கு முன்பே அந்தப் புற்று ரத்தத்தோடு போய் ஈரலில் தங்கிவிட்டது, இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்றார்.

உள்ளே திரும்பியதும் அண்ணன் அவரிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"இன்னொரு கண்ணும் போய்டுமா அம்மா?"

"ஆ கண்ட்டிக்கி பயம் லேது நாயனா."

அண்ணன் முகம் தெளிந்துவிட்டது. "கேட்டியாடி? அந்தக் கண்ணுக்குப் பயமில்லியாம். வேண்டுதல் பலிச்சிடுச்சி" என்று அண்ணியைப் பார்த்துச் சொன்னார். அண்ணி தலையை ஆட்டினார்.

அண்ணன் இறந்த வயதை நான் இப்போது தாண்டிவிட்டேன். டாக்டரம்மா சொன்னது பொய்யில்லை. கடைசி வரை அந்தக் கண் அவருக்கு நன்றாகத் தெரிந்தது. அதனால்தான் அவர் எதிரில் எங்களால் ஒருநாள்கூட அழ முடியவில்லை.