தட்டில் மிச்சமிருந்த கால் இட்லி

போன வாரம் ஒரு கால் இட்லியை விழுங்கிவிட்டு, மத்தியானம் வரை உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தேன்.

இட்லிக்கா இவ்வளவு கலவரம்? சொல்கிறேன். இரண்டு வாரமாக இந்தப் பக்கத்தில் என்னைக் காணவில்லையே... எடை குறைக்க எனக்கு ஆபரேஷன் நடந்தது. இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுத்துவிட்டு, மீதியைக் குழாய் மாதிரி தைத்துவிடுவார்கள். வெட்டியதைத் திரும்ப ஒட்ட முடியாது. கையெழுத்துப் போடவே ஆறு மாதம் யோசித்தேன். பிரசவத்துக்குப் பிறகு ஏறிய எடை, கூடவே சர்க்கரை. முகப்பேரில் எங்கள் ஃபிளாட்டுக்கு லிஃப்ட் கிடையாது. நாலு வயது மகளைத் தூக்கிக்கொண்டு இரண்டு மாடி ஏற முடியவில்லை.

முதல் இரண்டு வாரம் திரவ உணவு மட்டும் – மோர், வடிகட்டிய சூப், பருப்புத் தண்ணீர். உள்ளே தையல் ஆற வேண்டுமே! இதையெல்லாம் எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியும் வைத்திருந்தேன்.

பன்னிரண்டாம் நாள் காலை. மகள் ஸ்கூல் வேனில் ஏறிவிட்டாள். அவள் சாப்பிட்ட தட்டை எடுத்தேன். ஓரத்தில் ஒரு துண்டு இட்லி. சிங்க்குக்குப் போவதற்குள் அது என் வாய்க்குள். விழுங்கிய பிறகுதான் ஃப்ரிட்ஜ் கதவு கண்ணில் பட்டது.

"செல்வி அக்கா... இட்லிய முழுங்கிட்டேன்!"

வீட்டு வேலைக்கு வரும் செல்வி அக்கா, பாத்திரத்தைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். "இன்னாம்மா சொல்ற? ஒரு வாய் இட்லிக்கா இப்டி அலஞ்சிகினு இருந்த?"

"ஆசை இல்லக்கா. வேஸ்ட் ஆயிடுமேன்னு..."

"போனா போவட்டும்! இட்லி நாளைக்கும் ஊத்திக்கலாம். வவுத்த எங்க போயி வாங்குவ?"

கணவருக்கு போன் செய்தேன். ஆபீஸ் போகும் வழியில், குமணன்சாவடி சிக்னலில் நின்றிருந்தார்.

"வலிக்குதா?"

"இல்லீங்க."

"அப்புறம் ஏன் அழற?"

"வலிக்குமோன்னு..."

ஒரு பெருமூச்சு கேட்டது. "ஹாஸ்பிடலுக்குப் போன் போடு. நான் திரும்பி வரேன்."

ஹாஸ்பிடலில் போனை எடுத்த டயட்டீஷியன் பதறவில்லை. "வயித்து வலி, தோள் வலி, காய்ச்சல், வாந்தி, மூச்சு வாங்கறது, படபடப்பு – ஏதாவது இருக்கா?"

"படபடப்பு இருக்கு மேடம்." அது எனக்கு ஸ்கூல் படிக்கும்போதிலிருந்தே இருக்கிறது. ஆனால் இதுவும் அதுதான் என்று நானே முடிவு செய்யலாமா?

"அப்ப உடனே வந்துடுங்க. வீட்ல உட்கார்ந்து யோசிக்காதீங்க."

போனோம். வயிற்றை அழுத்திப் பார்த்தார்கள், ரத்தம் எடுத்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள். மத்தியானம் டாக்டர் வந்து, "தையல் நல்லா இருக்கு. உங்க அதிர்ஷ்டம்" என்றார். எத்தனை நிம்மதி தெரியுமா? அங்கேயே அழுதேன். கணவர் கர்ச்சீஃப் நீட்டினார் – இப்போது எதற்கு அழுகிறாய் என்று கேட்கவில்லை.

டயட்டீஷியன் மட்டும் விடவில்லை. ஆபரேஷனுக்கு முன்பு நான் எழுதிக் கொடுத்த சாப்பாட்டு நோட்டை எடுத்தார். டீயில் போட்ட அரை ஸ்பூன் சர்க்கரை வரை அதில் எழுதியிருந்தேன்.

"இதுல பாப்பா தட்டுல மிச்சமானது எங்கம்மா?"

"அது... சாப்பாடு இல்லையே மேடம். மிச்சம்தானே?"

அவர் சிரிக்கவில்லை. "வயித்தத்தான் சின்னதாக்கியிருக்கோம். கை பழையபடிதான் இருக்கு."

இந்த ஆபரேஷனை யோசிப்பவர்கள் அதைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஐஸ்கிரீமும் ஜூஸும் சின்ன வயிற்றிலும் வழுக்கிக்கொண்டு இறங்கும். எடை திரும்பி வரும். விட்டமின் மாத்திரையை வாழ்நாள் முழுக்க விட முடியாது. சில மாதம் முடி கொட்டலாம். அடுத்த குழந்தையை ஒன்றரை வருடமாவது தள்ளிப்போடச் சொல்கிறார்கள். எல்லாவற்றையும் விட – டாக்டரிடம் எதையும் விடாமல் சொல்லுங்கள். சாப்பாடாகவே தோன்றாததையும்!

கிளம்பும்போது டயட்டீஷியன், "பாப்பாவுக்குக் கொஞ்சமா வைங்க. கேட்டா போடுங்க" என்றார்.

மறுநாள் வழக்கமான மூன்றுக்குப் பதில் இரண்டே இட்லி வைத்தேன். மகள் தட்டைத் துடைத்துக் காட்டினாள். "அம்மா, காலி!"

"இன்னொண்ணு வேணுமா செல்லம்?"

"வேணாம். வயிறு ஃபுல்."

அப்படியென்றால்... இத்தனை நாளும் அந்த மூன்றாவது இட்லியை யாருக்கு வைத்தேன்?