மைக் அண்ணாச்சி என்னைப் பேசச் சொன்ன நாள்

எங்கள் பக்கம் திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்த கடைசி வருஷங்களில் ஒன்று. மாசி மாதம், கும்பப்பூ நெல் அறுவடை மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. நான் கல்யாணமாகிக் கொட்டாரம் என்கிற இந்த ஊருக்கு வந்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. மாமியார் இல்லாமல் தெருவில் இறங்கினாலே நாலு பேர் திரும்பிப் பார்க்கிற காலம். அப்படிப்பட்ட நான் ஒருநாள் கடைத்தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினேன். அதைத்தான் சொல்ல வருகிறேன்.

முதலில் மைக் அண்ணாச்சியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கல்யாணத்துக்கும் கோயில் கொடைக்கும் சவுண்டு செட் வாடகைக்கு விடுகிறவர். கடைத்தெருவில் ஒரு பலசரக்குக் கடையின் மச்சில் அவருடைய சாமான்கள் இருந்தன. விசேஷம் இல்லாத நாளில் செட்டு சும்மா கிடப்பானேன் என்று மச்சின் மேல் ஒரு ஒலிபெருக்கிக் குழாயைக் கட்டினார். அங்கிருந்து கம்பி இழுத்து ஜவுளிக்கடை, பாத்திரக்கடை, சாயாக்கடை, பஸ் நிற்கிற இடம் என்று வரிசையாகக் குழாய் மாட்டினார். காலையிலும் சாயங்காலமும் இசைத்தட்டு ஓடும். இரண்டு பாட்டுக்கு நடுவே கடைகளின் விளம்பரம். அதோடு நாகர்கோவில் பஸ் வழியில் நின்றுபோன சங்கதி, மாடு அவிழ்த்துக்கொண்டு போன சங்கதி எல்லாம் வரும். எங்களுக்கு ரேடியோ ஸ்டேஷன் என்றால் அதுதான்.

குரலும் அப்படித்தான் இருக்கும், கணீரென்று. அதில் அவருக்கு இருந்த கர்வத்தைச் சொல்லி முடியாது! தொண்டை கெட்டுவிடும் என்று தயிர் தொடமாட்டார். சித்திரை வெயிலிலும் கழுத்தில் மப்ளர். மைக்கைப் பட்டுத்துணியில் சுற்றித்தான் வைப்பார். வேறு ஒருத்தர் கை அதில் படக் கூடாது. ஊரில் பெரிய பண்ணையார் வீட்டுப் பையன், "ஒரு பாட்டுப் பாடிக்கிடுகேன் அண்ணாச்சி" என்று கெஞ்சியும் மாட்டேன் என்று விட்டாராம். பேச ஆரம்பித்தால் சுத்தமான மேடைத் தமிழ். "பேரன்பும் பெருமதிப்பும் மிக்க பொதுமக்களே" என்று தொடங்கி, ஒரு தலையெண்ணெயைப் பற்றி ஐந்து நிமிஷம் பேசுவார். அவர் பேசிப் பேசியே அந்த எண்ணெய் வீட்டுக்கு வீடு வந்துவிட்டது. அதன் தட்டையான குப்பி இல்லாத வீடு அப்போது எங்கள் பக்கத்தில் கிடையாது.

பிறகு சாயாக்கடைக்காரர் ஒரு ரேடியோ பெட்டி வாங்கினார். அதில் கொழும்புப் பாட்டு வந்தது. அக்கரையில் பாடுகிறது இங்கே பக்கத்தில் நின்று பாடுகிற மாதிரி கேட்டால் யார்தான் மயங்கமாட்டார்கள்? விளம்பரம்கூட அங்கே பாட்டாக வந்தது. சாயாக்கடைக்காரர், "ரெண்டு சத்தம் ஒண்ணாக் கேட்டா தலை வலிக்கு" என்று அண்ணாச்சியின் குழாயைக் கழற்றிக் கொடுத்துவிட்டார். ஜவுளிக்கடைக்கும் ரேடியோ வந்தது. நான் சொல்கிற அந்த மாசியில் மச்சின் மேல் இருந்த குழாய் ஒன்றுதான் மிச்சம். அதில் அவர் விடாமல் பேசிக்கொண்டுதான் இருந்தார். மழைச் சத்தத்தைக் கேட்கிற மாதிரி ஊரும் அதைக் கேட்டுக்கொண்டு தன் வேலையைப் பார்த்தது.

அன்று காலையில் மாமியாருக்கு முட்டுவலித் தைலம் வாங்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். அந்தக் காலத்தில் மருந்துக்குக் குப்பி நாம்தான் கொண்டுபோக வேண்டும். கம்பவுண்டர் சன்னலில் குப்பியை வரிசையில் வைத்துவிட்டு எல்லாரும் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து கதை பேசுவோம். குப்பிதான் நமக்காக வரிசையில் நிற்கும். கம்பவுண்டர் ஒவ்வொன்றாக நிரப்பி அதே இடத்தில் வைப்பார், நாம் போய் எடுத்துக்கொள்ள வேண்டியது. அன்றைக்கு வரிசையில் முக்கால்வாசி அந்தத் தலையெண்ணெய்க் குப்பிதான். நானும் என்னுடையது என்று நினைத்த ஒன்றை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

சாயங்காலம் மாமி காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். குப்பியை எடுத்தபோதுதான் பார்க்கிறேன், அதன் பக்கவாட்டில் பல் பல்லாக வெட்டிய காகிதம் ஒட்டியிருந்தது. எத்தனை அளவு குடிக்க வேண்டும் என்று காட்ட ஒட்டுகிற காகிதம் அது. தேய்க்கிற மருந்துக்கு எதற்கு அளவு? மூடியைத் திறந்தால் கற்பூரத் தைலத்தின் நெடி இல்லை, ஏலக்காய் வாசம். உள்ளே இருந்தது தைலத்தைப் போலவே வெள்ளை வெளேரென்று. யாரோ குடிக்க வேண்டிய மருந்து என்னிடம் இருக்கிறது என்றால், மாமியின் தைலம் யாரிடம் இருக்கிறது?

மாமியிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். கம்பவுண்டர் குப்பியை முகர்ந்து பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டார்.

"இது வயித்தாலப் போற பிள்ளைக்குக் குடுத்ததாக்கும். அறுப்புக்கு வந்த ஒரு பொம்பள, இடுப்புல கைக்குழந்த. உங்க தைலத்தையில்லா தூக்கிட்டுப் போயிருக்கா! அதுல ஒரு மடக்கு உள்ள போனாப் போதும், அந்தச் சின்ன உயிரு தாங்காது."

குப்பியை நிரப்புவதற்கு முன்பே முதல் அளவை அவரே அங்கே வைத்துக் கொடுத்துவிட்டாராம். அடுத்ததை விளக்கு வைக்கிற நேரத்தில் கொடு என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். வெளியே பார்த்தேன், வெயில் மஞ்சளாகிவிட்டது. அவள் யார், எந்த ஊர், யார் வயலில் அறுக்கிறாள், ஒன்றும் அவருக்குத் தெரியவில்லை. கொட்டாரத்தைச் சுற்றி எந்தப் பக்கம் திரும்பினாலும் வயல், எல்லா வயலிலும் வெளியூர்க் கூட்டம். தெற்கே நான் போகிறேன் என்று அவர் சைக்கிளை எடுத்தார். வடக்கே, கிழக்கே யார் போவது? எனக்கு மைக் அண்ணாச்சியின் நினைவு வந்தது.

அந்த மச்சுப் படியில் அதுவரை ஒரு பெண்பிள்ளை ஏறியது கிடையாது. நான் மூச்சு வாங்க ஏறி, "அண்ணாச்சி, ஒரு பிள்ள உயிரு போகப் போகு" என்று விஷயத்தைக் கொட்டினேன். அவர் இரண்டாவது கேள்வி கேட்கவில்லை. பஸ் நிற்கிற பக்கம் பார்த்திருந்த குழாயை, கைப்பிடிச் சுவரில் ஏறி நின்று தானே வயல் பக்கமாகத் திருப்பினார். வேட்டியெல்லாம் சுண்ணாம்பு. இறங்கி வந்து மப்ளரைச் சரிசெய்துகொண்டு மைக் முன்னால் நின்றார்.

"பேரன்பும் பெருமதிப்பும் மிக்க பொதுமக்களே! ஓர் அவசர அறிவிப்பு! இன்று மருத்துவமனையில் மருந்துக் குப்பியைத் தவறுதலாக எடுத்துச் சென்ற தாய்மார் எவராயினும்..."

மச்சிலிருந்து பார்த்தால் வயல்வெளி தெரியும். நான் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். குனிந்து அறுத்துக்கொண்டிருந்தவர்களில் ஒரு தலைகூட நிமிரவில்லை. கீழே சாயாக்கடையில் கொழும்புப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. யாரோ ஒருவன், "அண்ணாச்சி இன்னைக்கும் குப்பி எண்ணெய ஆரம்பிச்சிற்றாரு, கேட்டியாலே" என்று சொல்ல, கூட்டமாகச் சிரித்தார்கள்.

அவர் காதிலும் அது விழுந்தது. இன்னொரு தடவை குரலை உயர்த்திச் சொன்னார். வயலைப் பார்த்தார். அதே முதுகுகள்.

அந்த முகத்தை என்னால் மறக்க முடியாது. கோபம் வரும் என்று பார்த்தேன், வரவில்லை. மைக்கைக் கழற்றினார், என் பக்கம் நீட்டினார்.

"மக்ளே, நான் வாயத் தொறந்தா அவியளுக்கு எண்ணெயும் சோப்பும்னுதான் கேக்கு. நீ பேசு."

"நானா? அய்யோ அண்ணாச்சி!"

"பொம்பளச் சத்தம் இந்தக் குழாயில இதுவரைக்கும் வந்ததில்ல. நிமிந்து பாப்பாவ."

"மாமி என்னிய கொன்னுபோடுவா."

"கொல்லட்டும். பேசு."

மைக் கனமாக இருந்தது. பார்த்தேன், பொழுது இறங்கிக்கொண்டே இருக்கிறது. எனக்கு அந்தப் பெண் மேல் ஒரு கோபம் வந்தது பாருங்கள், என் வீட்டுப் புழக்கடையில் நின்று கத்துகிற மாதிரிக் கத்திவிட்டேன்.

"ஏட்டி! ஆஸ்பத்திரி சன்னல்லயிருந்து என் குப்பியத் தூக்கிட்டுப் போனவளே! அது குடிக்க மருந்தில்லட்டி! என் மாமி முட்டுல தேய்க்க தைலமாக்கும்! பிள்ளைக்குக் குடுத்திராத! கையில வச்சிருந்தா கீழ வை! அறுக்க பொம்பளைகளே, எவளாவது கைப்பிள்ளையும் குப்பியுமா இருக்காளான்னு பாருங்க! குடுத்திராத, குடுத்திராத!"

கீழே பாட்டு நின்றது. பிறகு சொன்னார்கள், சாயாக்கடைக்காரரே எட்டி ரேடியோவைத் திருகி நிறுத்திவிட்டு, "யாருலே அது, பொம்பள பேசுகா?" என்று தெருவுக்கு ஓடிவந்தாராம். நான் வயலையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு தலை நிமிர்ந்தது. பிறகு நாலைந்து. பிறகு அந்த வயல்வெளி முழுக்க ஆட்கள் அரிவாளும் கையுமாக நிமிர்ந்து மச்சைப் பார்த்தார்கள். அண்ணாச்சி என் பக்கத்தில் நின்று, "இன்னொருக்கா, இன்னொருக்கா" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். என்ன சொன்னேன் என்று எனக்கே தெரியாது.

கிழக்கே ஒரு களத்தோரமாக ஏதோ அசைந்தது. ஒருத்தி இடுப்பில் பிள்ளையோடு வரப்பில் ஓடிவந்தாள். மற்றக் கையில் குப்பி, தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தாள். நான் மைக்கை அண்ணாச்சி கையில் திணித்துவிட்டுப் படியில் இறங்கினேனா விழுந்தேனா தெரியவில்லை.

கடைத்தெருவே கூடிவிட்டது. அந்தப் பெண்ணுக்கு என் வயசுதான் இருக்கும். உடம்பெல்லாம் வைக்கோல் தூசி, அழுதுகொண்டே வந்தாள். குழந்தை வாடிப்போய் அவள் தோளில் கிடந்தது, ஆனால் கண்ணைத் திறந்து எல்லாரையும் பார்த்தது. நான் குப்பியைப் பிடுங்கி முகர்ந்தேன், மாமியின் தைலம்தான்.

"சங்குல ஊத்திட்டேன்க்கா" என்றாள். "நெடி அடிச்சிது. மருந்துன்னா நாறத்தானே செய்யும்னு நெனச்சேன். வாயில வைக்கப் போவும்பந்தான் யாரோ ஏட்டின்னு என்னிய ஏசுனாவ."

"அதுக்கு முன்ன அண்ணாச்சி சொன்னாவளே, அது கேக்கலியா?" என்று கூட்டத்தில் யாரோ கேட்டார்கள்.

"கேட்டுது. எண்ணெ விக்கவரு ஏதோ சொல்லுகாருன்னு இருந்தேன்."

அண்ணாச்சி என் பின்னால்தான் நின்றிருந்தார். எனக்குத் திரும்பிப் பார்க்கவே கூச்சமாக இருந்தது. அவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்து அந்தப் பெண்ணிடம் ஒன்றே ஒன்று கேட்டார்.

"இந்தப் பொம்பளப்பிள்ள பேசினது களம் வரைக்கும் தெளிவாக் கேட்டுதா?"

"ஒரு சொல்லு விடாம கேட்டுது அண்ணாச்சி."

மனிதருக்கு முகம் மலர்ந்துவிட்டது. குழாயைச் சரியான திக்கில் திருப்பினது அவர்தானே! இடுப்பில் செருகியிருந்த பிள்ளையின் மருந்துக் குப்பியை நான் அந்தப் பெண்ணிடம் கொடுத்தேன். அதை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு இருட்டுவதற்குள் களத்துக்குப் போய்ச் சேர்ந்தாள். அறுப்பு முடிந்து அவர்கள் ஊர் திரும்பும்போது பிள்ளை நன்றாக இருந்தது. ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர் அதற்குப் பிறகு குப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறவர்களுக்குத்தான் மருந்து ஊற்றினார்.

வீட்டுக்கு உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போனேன். மாமி வாசலில் நின்றாள். அவளும் எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். "பிள்ள பிழைச்சுதா?" என்றாள். பிழைச்சுது என்றேன். "எல்லாம் சரிதான். என் முட்டு நோவுகத சுசீந்திரம் வரைக்கும் தண்டோரா போடணுமாக்கும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய் எனக்குக் குடிக்க ஒரு செம்பு வெள்ளம் கொண்டுவந்து தந்தாள். ரொம்ப நாளைக்கு என்னை ரேடியோக்காரி என்றுதான் தெருவில் சொன்னார்கள்.

மறுநாளே ஜவுளிக்கடைக்காரரும் பாத்திரக்கடைக்காரரும் அண்ணாச்சியிடம் போய், அந்தப் பெண்ணைப் பேசச் சொன்னால் மறுபடியும் விளம்பரம் தருகிறோம் என்றார்களாம். "அது யாவாரத்துக்குப் பேசின சத்தமில்ல" என்று அவர்களை அனுப்பிவிட்டார். அந்த மழைக்காலத்துக்கு முன்னால் மச்சுக் குழாயைத் தானே இறக்கினார். மூலையில் உட்கார்ந்து புலம்பவில்லை. அதே மச்சில் ரேடியோ பெட்டி விற்க ஆரம்பித்தார். எந்தப் பக்கம் கம்பி கட்டினால் கொழும்பு இரைச்சல் இல்லாமல் கேட்கும் என்று வீடு வீடாகப் போய்க் காட்டிக் கொடுத்தார். எங்கள் வீட்டுக்கும் அவர்தான் வந்து கட்டினார்.

இப்போது என் வீட்டில் ஆளுக்கொரு டிரான்சிஸ்டர், போதாததற்கு டெலிவிஷன். சாப்பிடக் கூப்பிட்டால் ஒருத்தர் காதிலும் விழுவதில்லை. நானும் விடுகிறேனா? அதே வார்த்தையை இன்னும் உரக்கச் சொல்லிச் சண்டைதான் போடுகிறேன். அப்போதெல்லாம் அவரை நினைத்துக்கொள்வேன். தொண்டைக்காகத் தயிரை விட்ட மனிதர், ஊர் சிரித்த அந்த இடத்தில் நின்று, நான் பேசினால் இனி எடுபடாது என்று ஒரு நிமிஷத்தில் ஒத்துக்கொண்டாரே, அது யாருக்கு வரும்? அந்தக் குழந்தை இன்றைக்கு எங்கேயோ பெரிய ஆளாக இருக்கும். அதைக் காப்பாற்றியது என் சத்தம்தான் என்று ஊர் சொல்லும். அவர் தன் சத்தத்தை நிறுத்திக்கொண்டதுதான் காப்பாற்றியது என்பது பக்கத்தில் நின்ற எனக்குத்தான் தெரியும்.