தீக்காட்டாத இணைப்பு

ஜாதவ்பூரில் நாங்கள் குடியிருக்கும் மூன்றாம் மாடிக்கு மின்தூக்கி இல்லை. ஆகவே காய்கறியும் மருந்தும் ஜன்னலிலிருந்து கயிற்றில் தொங்கவிட்ட கூடையில் ஏறிவருவதே இங்கு வழக்கம். பிறர் சணல் கயிறு கட்டினர். நானோ நான்கு பிளாஸ்டிக் ஒயர்களைச் சதுரமாகப் பின்னி, அக்கயிற்றைப் பெருமையுடன் தொங்கவிட்டேன்.

என்னை அண்ணன் முறையில் 'தாதா' என்றழைக்கும் இரண்டாம் மாடி வங்காளிப் பெண்மணி சிரித்தார். "ஒயர்ங்கறீங்க, உள்ள கம்பியே இல்லையே தாதா!"

ஆதியில் மின்கம்பியின் மேலுறையை உருவிப் பின்னினார்களாம்; பெயர் அதனால் வந்தது என்று என் தகப்பனார் கூறியதை விளக்கினேன். மெய்யோ, அறியேன்.

"பேர் கெடக்கட்டும், தாங்குமா?"

"யானையையே தாங்கும்பார், கேக்காதீங்க" என்றாள் உள்ளிருந்து என் மனைவி.

ஒயரின் நீளம் போதாமல் இடையில் ஓர் இணைப்புப் போட்டிருந்தேன். அதன் நுனிகளைத் தீக்குச்சியால் உருக்கி ஒட்டியிருக்கவேண்டும். நாளை செய்வோமென விட்டிருந்தேன்.

கடந்த கோடையில் ஒரு பிற்பகல், என் மனைவிக்கு மூச்சிரைப்பு கண்டது. இன்ஹேலர் தீர்ந்திருந்தது. என் முழங்கால்கள் படியிறங்க ஒவ்வா. எதிர் மருந்துக்கடைக்காரரைத் தொலைபேசியில் அழைத்தேன். அவர் ஓடிவந்து, பூட்டிய வாயிற்கதவின் முன் நின்று கூவினார்: "சாவியைப் போடுங்க, நானே மேல வரேன்!"

"கூடை எறங்கியாச்சு, இதுதான் சீக்கிரம்" என்றேன். அறிவிலி நான்.

மருந்துடன் ஏறிய கூடை இரண்டாம் மாடியை எட்டியபோது, என் கைக்கு ஒரு முழம் கீழே இணைப்பு நெகிழ்வதைக் கண்டேன். வழவழத்த இழைகள் ஒன்றிலிருந்து ஒன்று நழுவின. இழுக்கவும் அஞ்சினேன், இறக்கவும் அஞ்சினேன். முதுகுக்குப் பின்னால் அவள் மூச்சு விசில்போல் ஒலித்து, நின்று, மறுபடி ஒலித்தது. இணைப்பைப் பற்ற மறுகையை நீட்டிக் குனிந்தேன். அந்த அசைவே இன்னொரு முடிச்சை அவிழ்த்தது. வாய்விட்டு அலறினேன்.

கீழ் ஜன்னலிலிருந்து வளையல் கையொன்று நீண்டு கூடையைப் பற்றியது.

"விடுங்க தாதா, புடிச்சுட்டேன்!"

விடமுடியவில்லை. விரல்கள் விறைத்திருந்தன. அந்த வங்காளிப் பெண்மணி மருந்தை எடுத்துக்கொண்டு, செருப்பின்றிப் படியேறி வந்து, அவள் வாயில் தாமே வைத்து அழுத்தினார். ஒன்று, இரண்டு. விசில் மெல்ல அடங்கிற்று.

நெடுநேரம் கழித்து அவள் கண் திறந்தாள்.

"யானை விழுந்துடுச்சா?"

மறுநாள் அந்தப் பெண்மணி கொடுத்த சணல் கயிற்றைக் கட்டினேன். இப்போதும் கூடை ஏறுகையில் என் கண்கள் ஒரு முழம் கீழேயே நிற்கின்றன.