எலுமிச்சைக்குத் தண்ணீர் ஊற்றுவது யார்

மகள் தனியாகத்தான் இருக்கிறாள் என்பதை நான் நம்பவில்லை. அவள் இருப்பது ஸ்காட்லாந்தில், நாங்கள் இருப்பது மலேசியாவில், தங்கா பத்துவில். வீடியோ காலில் தெரியும் அவளுடைய சின்ன அறையைத் தவிர எனக்கு வேறு சாட்சி கிடையாது. ஒரு கட்டில், ஒரு மேசை, ஜன்னலோரம் பூச்சட்டியில் ஓர் எலுமிச்சைச் செடி. அந்தச் செடிதான் என் சந்தேகத்தைக் கிளப்பியது.

எங்கள் வீட்டு கேட் ஓரம் நிற்கும் எலுமிச்சை மரத்தின் விதைகளைக் கழுவித் துடைத்து, டிஷ்யூவில் சுற்றிக் கொண்டுபோயிருந்தாள். படிக்கப் போனவள், படிப்பு முடிந்து அங்கேயே வேலையிலும் உட்கார்ந்துவிட்டாள். முதலில் சட்டியில் விரல் நீளத்துக்கு ஒரு கன்று தெரிந்தது. வாரம் தவறாமல் காட்டுவாள். பிறகு குளிர்காலம் வந்தது. "லைன் சரியில்ல மா" என்று படமில்லாமல் குரலில் மட்டும் இரண்டு வார்த்தை பேசி வைத்துவிடுவாள். வெயில் திரும்பிய பிறகுதான் மறுபடி முகத்தைக் காட்டினாள். இளைத்துப் போயிருந்தாள். செடியோ இடுப்பு உயரத்துக்குக் கொழுத்து நின்றது.

அங்கேதான் எனக்கு இடித்தது. இந்தப் பெண் கையில் எது தழைத்திருக்கிறது? இங்கே இருந்தவரை கறிவேப்பிலைக்கு ஒரு குவளை தண்ணீர் ஊற்ற வைப்பதற்குள் என் தொண்டை வறண்டுவிடும். கற்றாழையையே காயவிட்டவள். கைராசிக்காரர் யாரோ கூட இருக்கிறார் என்று முடிவு கட்டினேன்.

"சட்டிய மாத்திட்டியா?"

"ஆமா மா. வெயில் காலத்துல வெளிய வைக்கணும், குளிர் வந்தா உள்ள எடுத்துரணும். ஹீட்டர் பக்கத்துல வச்சா இலை கொட்டிடும்."

"அவ்வளோ பெரிய சட்டிய யாரு தூக்குறா?"

"சக்கரம் வச்ச பலகை இருக்கு மா. தள்ளுனா போதும்."

பதிலைத் தயாராக வைத்திருந்தாள். தயாராக இருக்கும் பதில் எனக்கு எப்போதுமே பிடிக்காது.

டுரியான் துங்கால் பக்கம் லோரி ஓட்டிவிட்டு மதியச் சோற்றுக்கு வந்த என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "ஒனக்குப் போலீஸ்ல வேலை கொடுத்திருக்கணும் லா. செடி நல்லா வளந்தா அதுவும் ஒரு கேஸா?" என்று சொல்லிவிட்டு ரசத்தை ஊற்றிக்கொண்டார். அவருக்கு என்ன, மகள் சிரித்த முகமாக ஹலோ சொன்னால் போதும்.

ஆனால் என்னிடம் ஆதாரம் இருந்தது. நான் ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவள். வீட்டுக்குத் தூரமான மூன்று நாளும் எங்கள் பெண்கள் எலுமிச்சை, கறிவேப்பிலை பக்கமே போகமாட்டார்கள். தொட்டால் செடி பட்டுப்போகும். தங்கா பத்துவுக்கு வந்த பிறகும் அந்த நாட்களில் கேட் ஓர மரத்துக்கு என் வீட்டுக்காரர்தான் தண்ணீர் ஊற்றுவார். மகளையும் அப்படிச் சொல்லித்தான் வளர்த்தேன். ஆக, அவள் செடி வாடாமல் நிற்கிறது என்றால் அந்த மூன்று நாளும் வேறொரு கை தண்ணீர் ஊற்றுகிறது. அது ஆம்பளைக் கை. கேட்டே விட்டேன்.

"நான்தான் மா ஊத்துறேன். வேற யாரு?"

"பொய் சொல்லாத பாப்பா. நீ ஊத்தியிருந்தா அது எப்பவோ பட்டுப்போயிருக்கும்."

இந்த மாதிரிப் பேச்சுக்கு வழக்கமாகச் சண்டைக்கு வருவாள். அன்றைக்கு வரவில்லை. செடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். சரிதான், அகப்பட்டுக்கொண்டாள் என்று நினைத்துக்கொண்டேன்.

அதன் பிறகு அவள் முகத்தைவிட முதுகுக்குப் பின்னால்தான் அதிகம் பார்த்தேன். மேசையில் இரண்டாவது கோப்பை இருக்கிறதா, கட்டிலடியில் பெரிய செருப்பு கிடக்கிறதா என்று தேடினேன். ஒரு நாள் கதவில் கறுப்பு ஜாக்கெட் தொங்கியது. யாருடையது என்றேன். எழுந்து போட்டுக் காட்டினாள். தோளில் அளவெடுத்த மாதிரி இருந்தது. அதுவும் எனக்குப் போதவில்லை.

செடி பூத்தது. மூடிய அறையில் தேனீ வராது என்பதால் சின்ன பிரஷ்ஷால் பூவுக்குப் பூ தடவிவிடுவதாகச் சொன்னாள். எங்கள் மரம் விதையிலிருந்து வந்து பூக்க எவ்வளவு காலம் இழுத்தடித்தது என்பது எனக்குத் தெரியும். இது இவ்வளவு சீக்கிரம் பூத்ததையும் மனதில் குறித்துக்கொண்டேன். போன மாதம் பழுத்த ஒன்றைக் கேமராவுக்குக் கிட்டே பிடித்தாள். நீளமாக, தடித்த தோலோடு, நுனியில் மூக்கு வைத்திருந்தது. நம் எலுமிச்சை உருண்டை, தோலும் மெல்லிசு. இது சூப்பர்மார்க்கெட்டில் ஸ்டிக்கர் ஒட்டி விற்கும் லெமன்.

"இது நம்ம மரம் இல்ல. யாரு வாங்கிக் கொடுத்தா?"

"நானே வாங்குனேன் மா."

"அப்ப நம்ம கன்னு?"

"செத்துருச்சு. மொத குளிர்லயே."

"எப்படிச் சாகும்? தண்ணி ஊத்தலையா?"

பழத்தை மேசையில் வைத்தாள். "எந்திரிக்க முடியல மா. காய்ச்சல் கீய்ச்சல் ஒண்ணும் இல்ல, சும்மா படுத்தே கெடந்தேன். வேலைக்குப் போகல, தலை சீவல. கண்ணு முன்னாடிதான் அது காஞ்சுச்சு. கை நீட்டுனா எட்டும். நீட்ட முடியல. ஊத்துறதுக்கு வேற ஆளும் இல்ல."

பிறகு டாக்டரைப் பார்த்தாளாம். நடமாட ஆரம்பித்ததும் முதல் வேலையாக இந்தச் செடியை வாங்கினாளாம், நான் கேட்பேன் என்ற பயத்தில்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. இத்தனை காலம் அந்த அறையில் யாரோ ஒருவனைத் தேடிக்கொண்டிருந்தேன். அவன் அங்கே இருந்திருக்கக் கூடாதா என்று அப்போது ஏங்கினேன். எந்த நாட்டுக்காரனாக இருந்தால் என்ன, செடிக்கும் இவளுக்கும் ஆளுக்கொரு குவளை தண்ணீர் கொடுத்திருப்பானே.

கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இன்னைக்குத் தண்ணி ஊத்திட்டியா?" என்றேன்.

"இல்ல மா. இன்னைக்கு ரெண்டாவது நாள்."

எனக்கு உடனே விளங்கவில்லை.

"அன்னைக்கு நீ சொன்னியே, பட்டுப்போகும்னு. நம்ம கன்னும், நான் படுக்குறதுக்கு முன்னாடி அந்த நாள்ல தொட்டதாலதான் செத்துச்சோன்னு பயமாயிருச்சு. அதுல இருந்து அந்த நாள்ல தொடுறதில்ல."

"ஊத்து பாப்பா" என்றேன். "ஒண்ணும் ஆகாது. நான் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன், இப்பவே ஊத்து."

எழுந்து போய்க் குவளையோடு வந்தாள். மெதுவாக ஊற்றினாள். சட்டியின் அடித்தட்டில் தண்ணீர் இறங்கி நிற்கும்வரை நான் போனை வைக்கவில்லை.