சிமெண்டுக் களத்திலிருந்து வெள்ளகோவில் மண்ணுக்கு

ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் ஒன்றரை மணி. போத்தனூரில் எங்கள் தெருமுனைக்கு வேன் வந்து நின்றது. உள்ளே மதுக்கரையில் ஏறிக்கொண்டு வந்த பெண்கள், எல்லோருக்கும் ஒரே கிளிப்பச்சைச் சேலை, ஒரே அரக்கு ரவிக்கை. நானும் அதே வேஷம். வெள்ளகோவிலில் அன்று சாயங்காலம் எங்கள் கும்மி அரங்கேற்றம். வேனின் படி என்னவோ அன்றைக்கென்று உயரமாகத் தெரிந்தது. இடது காலை முதலில் வைத்து, கம்பியைப் பிடித்து, வலது முழங்காலை முகம் சுளிக்காமல் உள்ளே இழுத்துக்கொண்டேன். கேட்டருகே என் வீட்டுக்காரர் நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போது எப்படிச் சுளிப்பது?

கும்மி பார்க்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. நடுவில் வாத்தியார் பாடுவார், மேளம் அடிக்கும், சுற்றி வட்டம் கட்டி ஆணும் பெண்ணுமாக ஆடுவோம். கையைத் தட்டி, குனிந்து, நிமிர்ந்து, எகிறி, திரும்பவும் குனிந்து. அரங்கேற்றம் என்றால் மூன்று மணி நேரம். வெறுங்காலில்தான் ஆட வேண்டும்.

நான் பம்புசெட் கம்பெனியில் கணக்குப் பிரிவில் முப்பது வருடம் நாற்காலியில் உட்கார்ந்தவள். சர்க்கரை எட்டிப் பார்க்கிறது, நடங்கள் என்றார் டாக்டர். நடைப்பயிற்சி என்று நினைத்தாலே எனக்குக் கோபம் வரும். யாரோடும் பேசாமல் பூங்காவைச் சுற்றிச் சுற்றி வருவதற்கு நான் என்ன செக்குமாடா? மகள் வெளிநாடு போனபிறகு வீட்டில் டிவி மட்டும்தான் பேசிக்கொண்டிருந்தது. அப்போதுதான் உடன் வேலை செய்யும் ஒருத்தி மதுக்கரைக் கும்மிப் பயிற்சிக்கு இழுத்துக்கொண்டு போனாள். முதல் நாளே கால் தப்பி, பக்கத்து ஆளை இடித்து, எல்லோரும் சிரிக்க, நானும் சிரித்தேன். அப்படிச் சிரித்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது.

இரண்டாவது மாதம் முழங்கால் பிடித்துக்கொண்டது. மாடிப்படி இறங்கும்போது சுருக்கென்று ஒரு குத்து. வலியைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். இதுவும் கையை விட்டுப் போய்விடுமோ என்ற பயம்தான் தூங்கவிடவில்லை. வீட்டுக்காரர் வேறு, "அம்பத்து மூணு வயசுல குதிச்சா முட்டிதான் போகும், பாத்துக்க" என்று தொடக்கத்திலேயே சொல்லி வைத்திருந்தார். அவர் சொன்னது பலித்தது என்று என் வாயால் எப்படிச் சொல்வேன்?

ஒரு மதிய இடைவேளையில் கமுக்கமாக பிசியோதெரபி டாக்டரம்மாவிடம் போனேன். பார்க்க நானூறு ரூபாய், முழங்கால் உறை முந்நூற்றைம்பது. அழுத்திப் பார்த்தார், மடக்கிப் பார்த்தார்.

"எங்கீங்க ஆடறீங்க?"

"ஒருத்தர் ஊட்டுக் களத்துலீங்க."

"மண்ணுங்களா, சிமெண்டுங்களா?"

எனக்கு அப்போதுதான் மண்டையில் உறைத்தது. முதலில் ஆடியது மண் களத்தில்தான். அந்தக் களத்துக்குச் சொந்தக்காரர் பழனிசாமி அண்ணன், அவரும் எங்களோடு ஆடுகிறவர். வாடகை பைசா வாங்க மாட்டார். ஒரு நாள் யாரோ ஒருத்தியின் காலில் முள் குத்திவிட்டது. மனிதருக்கு மனசு கேட்கவில்லை. அடுத்த வாரமே கொத்தனாரைக் கூப்பிட்டு, கண்ணாடி போல ஒரு சிமெண்டுத் தளம் போட்டுவிட்டார், எங்களுக்காகவே. அவர் மனைவி கோமதி அதில் கோலமெல்லாம் போட்டு, எங்களுக்கு ஆளுக்கொரு டம்ளர் பாயசம் கொடுத்தாள். என் வலி அந்தப் பாயசத்துக்குப் பிறகுதான் வந்தது.

"ஆட்டத்த உடச் சொல்லலீங்க" என்றார் டாக்டரம்மா. "தொடைக்கு நாஞ் சொல்ற பயிற்சிய டெய்லி செய்யுங்க. எகிறாம, எட்டு வெச்சு ஆடுங்க. ரொம்பக் குனியாதீங்க. வலி ஏறுச்சுன்னா வட்டத்த உட்டு வெளிய வந்துருங்க, வெக்கப்படாதீங்க. ஐஸ் வெய்யுங்க. மொதல்ல அந்தச் சிமெண்ட உடுங்க."

மற்றதெல்லாம் செய்தேன். கடைசியைச் செய்ய முடியவில்லை. அலுவலகத்தில் மேனேஜரையே நிறுத்திக் கேள்வி கேட்கிற வாய் இது. ஆனால் அத்தனை ஆசையாகத் தளம் போட்ட மனிதரிடம் போய், உங்கள் தளத்தால்தான் எனக்கு முட்டி போச்சு என்று சொல்ல நாக்கு எழவில்லை. ஒவ்வொரு பயிற்சியிலும் வாத்தியார் கேட்பார், "ஏனுங்க, ஆருக்காச்சும் காலு கீலு வலிக்குதுங்களா?" என்று. "இல்லீங்க!" என்று மொத்த வட்டமும் ஒரே குரலில் சொல்லும். என் குரலும் அதில் இருக்கும்.

சூலூர் தாண்டும்போது மணி இரண்டரை. வேனை ஓட்டியவர் பழனிசாமி அண்ணனேதான். மற்ற ஆண்களும் வாத்தியாரும் முன்னால் வேறு வண்டியில். பல்லடம் வந்ததும் விசைத்தறிச் சத்தம் சாலைவரை கேட்டது. பொங்கலூர்ப் பக்கம் கோழிப்பண்ணை நாற்றத்துக்கு எல்லோரும் முந்தானையால் மூக்கைப் பொத்தினார்கள். பண்ணைகள் பின்னால் போன பிறகும் வேனுக்குள் ஒரு வாசம் மிச்சமிருந்தது. வலித்தைலம். என் முழங்காலில் இருந்துதான் வருகிறது என்று நினைத்து ஜன்னலைத் திறந்துவிட்டேன்.

மூன்றரை மணி, காங்கயம். டீக்கடையில் நிறுத்தினோம், டீ பதினைந்து ரூபாய், தேங்காய் பன் இருபது. நான் பக்கவாட்டில் திரும்பி, ஒவ்வொரு காலாக இறங்கினேன். நின்று பார்த்தால் எனக்குப் பின்னால் வந்தவர்களும் அப்படித்தான் இறங்கினார்கள். சேலை கசங்கிவிடுமென்று பார்க்கிறார்கள் போல என்று எண்ணிக்கொண்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

காங்கயத்திலிருந்து வெள்ளகோவில் இருபது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட. பச்சை குறைந்து நிலம் வெளுத்துவிடுகிறது. கிளுவை வேலி போட்ட மேய்ச்சல் காடுகள், இடையிடையே முருங்கைத் தோட்டம், தூரத்தில் காற்றாலைகள். எங்கள் பக்கம் மதுக்கரை மலையைப் பார்த்தே பழகிய கண்ணுக்கு, தடுக்க ஒன்றுமில்லாத அந்த வானம் அகலமாக இருந்தது. கோமதி என் பக்கத்தில் உட்கார்ந்து மல்லிகைச் சரத்தைக் கிள்ளிக் கிள்ளிக் கொடுத்தாள். வழி முழுக்க அவள் காலை நீட்டியே வைத்திருந்தாள்.

நாலேகாலுக்குப் போய்ச் சேர்ந்தோம். கோயிலை ஒட்டிய திடல். உழுது, சமன் செய்து, தண்ணீர் தெளித்து வைத்திருந்தார்கள். செருப்பைக் கழற்றிப் பாதத்தை வைத்தேன். மண் லேசாக அமுங்கியது. சொன்னால் நம்பமாட்டீர்கள், கண் கலங்கிவிட்டது.

ஐந்து மணிக்கு மேளம் எடுத்தது. ஊரே திரண்டு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தது. நான் டாக்டரம்மா சொன்னபடி எகிறும் இடத்தில் எட்டு வைத்தேன், குனியும் இடத்தில் பாதி குனிந்தேன். மண் காலைத் தாங்கிக்கொண்டது. ஒரு மணி நேரம் நான் பறந்தேன். அதற்குப் பிறகு அந்தப் பழைய குத்து வந்தது. இன்னொரு சுற்று என்றது மனசு. இன்னொரு சுற்றும் போனேன். குத்து ஏறியது. இன்றைக்கு ஒரு நாள் வீம்புக்காக மூன்று மணி நேரமும் ஆடிவிட்டு, அப்புறம் ஆயுசுக்கும் நாற்காலியா? கையெடுத்து வாத்தியாருக்குக் கும்பிடு போட்டுவிட்டு வட்டத்தைவிட்டு வெளியே வந்தேன். அத்தனை பேர் பார்வையும் முதுகில் விழுந்தது.

திடலோரம் கரும்புச்சாறு வண்டிக்காரர் ஒரு கை நிறைய ஐஸ் கொடுத்தார், காசு வாங்கவில்லை. துண்டில் சுற்றி முழங்காலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இரண்டு பாட்டு ஆகியிருக்காது, பக்கத்து நாற்காலியில் தொப்பென்று யாரோ விழுந்தார்கள். கோமதி.

"அக்கா, எனக்குஞ் சித்த ஐஸு குடுங்க." சேலையை முழங்கால்வரை தூக்கினாள். நான் வாங்கிய அதே உறை, இரண்டு காலிலும்.

"அடிப்பாவி! எப்ப இருந்து?"

"தளம் போட்டதுல இருந்துதானுங்கக்கா. நீங்கெல்லாம் ஒண்ணுமில்லாம ஆடறீங்க, எனக்கு மட்டும் வலிக்குதுன்னா என்ன நெனப்பீங்க? அதுமில்லாம உங்கண்ணங்கிட்ட எப்படிச் சொல்லறது? பாவம், ஆசையாப் போட்டுப்போட்டாரு."

நான் சிரிக்க ஆரம்பித்தேன், அவளும் சிரித்தாள். சிரிப்பு அடங்குமுன் ஒரு நிழல் எங்கள்மேல் விழுந்தது. பழனிசாமி அண்ணன், வேட்டியை மடித்துக் கட்டி, இடுப்பில் ஒரு கையை ஊன்றி, ஒரு காலை இழுத்துக்கொண்டு நின்றார். எங்கள் இருவரையும், துண்டையும், ஐஸையும் பார்த்தார்.

"ஏனுங்கம்மணி, இன்னுங் கொஞ்சம் ஐஸு இருக்குதுங்களா?"

கோமதி அவரை முறைத்தாள். "உங்களுக்குமா?"

"பொம்பளைங்க நீங்கெல்லாம் வலிக்கலைன்னு ஆடறப்ப, தளம் போட்ட நானே போயி வலிக்குதுன்னு சொன்னா நல்லாவா இருக்கும்?"

இனி என் வாயை யார் கட்டுவது? "ஏனுங்கண்ணா, அந்தத் தளம் எங்க மேல வெச்ச பிரியமுங்க. ஆனா எங்க முட்டிக்கு அது ஆகலீங்க. மன்னிச்சுக்கோங்க, மண்ணக் கொட்டிருங்க" என்றேன்.

அவர் முகம் ஒரு நொடி வாடியது. பிறகு, "நாளைக்கே லாரிக்காரனுக்குச் சொல்லிப்போடறேனுங்க" என்று ஐஸுக்குக் கை நீட்டினார்.

கடைசிப் பாட்டுக்கு வாத்தியார் மேளத்தை மெதுவாக்கி எங்களைக் கூப்பிட்டார். மூவரும் எழுந்து போய், எகிறாமல், நடந்தே ஒரு சுற்று வந்து வட்டத்தை முடித்தோம்.

எட்டரை மணிக்குக் கிளம்பிய வேனில் நான் விஷயத்தைப் போட்டு உடைத்தேன். அப்புறம் பார்க்க வேண்டுமே! ஒருத்தி உறையைக் காட்டினாள், ஒருத்தி தைல பாட்டிலை எடுத்தாள், ஒருத்தி மாமியாருக்கென்று சொல்லி வாங்கிய மாத்திரையை நீட்டினாள். காங்கயம் வரைக்கும் ஒரே ரகளை. பழனிசாமி அண்ணன் கண்ணாடியில் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்.

வீட்டுக்காரர் வாசல் விளக்கைப் போட்டுவிட்டுக் காத்திருந்தார். இந்தமுறை நான் காலை மறைக்கவில்லை. நொண்டிக்கொண்டே போய் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"வலிக்குதா?"

"வலிக்குதுங்க. ரெண்டு மாசமா வலிக்குது. டாக்டரப் பாத்துட்டேன். பாதி ஆட்டம் ஆடுனேன், பாதி உக்காந்திருந்தேன். வியாழக்கிழமை மறுபடியும் பயிற்சிக்குப் போறேன்."

"நான் அப்பவே..." என்று தொடங்கியவர் என் முகத்தைப் பார்த்தார். வாக்கியத்தை முடிக்காமல் சமையலறைக்குள் போனார். ஃப்ரிட்ஜைத் திறந்து, ஐஸ் தட்டை மேடையில் தட்டுகிற சத்தம் கேட்டது.