அஷ்டமியில் தட்டிய பெயர்கள்

இணையத்தில் 'டாட் இன்' என்று முடியும் முகவரிகளை யாரும் வாங்கலாம் என்று வந்த புதிது. வாங்கிவைத்துப் பின்னால் விற்கலாமென்று நானும் மச்சானும் கிளம்பினோம். சிம்மக்கல் பிரவுசிங் சென்டரில் மல்லிகை, சுங்குடி, எங்கள் பாத்திரக்கடையின் பெயர் என ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தோம். எல்லாமே யாரும் வாங்காமல் காலியாக இருந்தன.

"இன்னிக்கு அஷ்டமி, நாளைக்கு நவமி. தசமியில வாங்கிருவோம் மாப்ள" என்றான் மச்சான்.

தசமியன்று போனால், நாங்கள் தட்டிய பெயர் ஒன்றுகூட மிச்சமில்லை. தட்டாத பெயர்கள் மட்டும் அப்படியே கிடந்தன. நாங்கள் தட்டியதை யாரோ பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். அன்று மாலையே கடைக்குப் போன் வந்தது.

"அண்ணே, உங்க கடைப்பேரு எங்கிட்டதான் இருக்கு. வேணுமா?"

யாரென்று கேட்டேன். சிரித்துவிட்டு வைத்துவிட்டான்.

இப்போது நாள் பார்த்த பிறகே கம்ப்யூட்டர் முன் உட்காருகிறேன். ஆனாலும், பேத்திக்கு வைக்க நினைத்த பெயரை அதில் தட்ட மனசு வரவில்லை.